கீழக்கரையில் ஒரு சினிமாக் கணினி: டிஸ்க்கிலிருந்து டிவி வரை

கடலோர வீட்டில் சிடி, டிவிடி வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்து பாருங்கள். பழைய விசிடி ஒன்றை உறையிலிருந்து எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். அச்சு மை மெல்லிசாக இருக்கும் இடத்தில் உற்றுப் பார்த்தால் ஊசித் துளை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றனவா? எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த விசிடிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. சிலவற்றில் விளிம்போரம் வெள்ளிப் பூச்சே போய் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியிருந்தது. அப்படி ஒரு புள்ளி விழுந்தால் அந்த இடத்தில் பதிந்திருந்த படம் போனது போனதுதான். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

டிவிடி பிளேயர் பழுதாகிப் பல வருடம் ஆகிவிட்டது. "பழைய படமெல்லாம் பெரிய டிவியில பாக்குற மாதிரி எதாச்சும் பண்ணு" என்று வாப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். டிவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கணினியை வைத்து, டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, ரிமோட்டில் ஓட்டுவது என்பதுதான் திட்டம். கணினியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் டிஸ்க் மாதத்துக்கு மாதம் அரித்துக்கொண்டு போகிறது. அதனால் முதலில் டிஸ்க்குகளைப் படித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் கணினியை வாங்கினேன். இந்தக் கரையில் யார் இதைச் செய்தாலும் இதே வரிசையில் செய்யுங்கள் என்பேன்.

எங்கள் வீட்டில் இருப்பது கீழக்கரையில் பல வீடுகளில் இருப்பதுதான். வாப்பா துபாயில் வேலை பார்த்த வருடங்களில் லீவுக்கு வரும்போதெல்லாம் சட்டை மடிப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த டிவிடிகள். மாமா மலேசியாவிலிருந்து கொடுத்துவிட்ட, கீழே மலாய் எழுத்து ஓடும் விசிடிகள். 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது ராமநாதபுரம் போய் அள்ளிக்கொண்டு வந்தவை. கடைசியாக, ஸ்டுடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த கல்யாண டிஸ்க்குகள். எல்லாம் சேர்த்தால் இருநூறைத் தாண்டும்.

உப்பு என்ன செய்கிறது

ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்புதான் வீட்டிலுள்ள மின்சாதனங்களுக்குள்ளும் போய்ப் படிகிறது. காய்ந்த உப்பு பெரிய தொல்லை தராது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப் பச்சை பூக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அவ்வளவு ஈரப்பதம் இங்கே இரவு நேரங்களில் சாதாரணம்.

சிடியும் விசிடியும் 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் தகடுகள். அதன் முதுகில் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன்மேல் ஒரு வார்னிஷ், அதற்கு மேல் படத்தின் அச்சு. அலுமினியத்துக்கும் கடல் காற்றுக்கும் நடுவே அந்த வார்னிஷைத் தவிர வேறு காப்பு இல்லை. நாம் கீழ்ப் பக்கம் கீறல் விழாமல் பார்த்துப் பார்த்து வைப்போம். விசிடிக்கு உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில்தான். டிவிடி அப்படியல்ல. 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, பூச்சை நடுவில் வைத்திருப்பார்கள். விளிம்பில் ஒட்டு விடாதவரை தாக்குப்பிடிக்கும். ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடி-ஆர் வேறு ரகம். அதில் தரவு இருப்பது ஒரு சாயத்தில். வெளிச்சமும் சூடும் பட்டால் அது மங்கும்.

ஆகவே விசிடி முதலில், அடுத்து கல்யாண டிஸ்க்குகள், கடையில் வாங்கிய டிவிடிகள் கடைசியில். எந்தப் படம் பிடித்தது என்று பார்த்து எடுக்காமல், எது முதலில் கெடும் என்று பார்த்து எடுத்தேன்.

கழுவுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி டிஸ்க்குகளை மீட்டது இந்த வேலைதான்.

கடலோரத்து டிஸ்க்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். சாய்த்துப் பிடித்தால் வெளிர் மூட்டமாகத் தெரியும். பலரும் இதை ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பார்கள். எண்ணெய்க்கும் விரல் ரேகைக்கும் அது நல்லது. ஆனால் சமையல் உப்பு ஆல்கஹாலில் கரையவே கரையாது என்று சொல்லலாம். அதைப் போட்டுத் துடைத்தால் உப்புத் துகள்களை டிஸ்க்கின் மேல் வைத்துத் தேய்த்ததாகத்தான் ஆகும். முதலில் தண்ணீர்தான் வேண்டும். அந்தத் தண்ணீரும் உப்பில்லாத தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு கலந்தது. அதில் கழுவிக் காயவைத்தால் வெள்ளைத் தடம் விழும். நான் கேன் தண்ணீரில்தான் கழுவினேன்.

அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, டிஸ்க்கைச் சில நிமிடம் ஊறவிட வேண்டும். கையில் எடுத்து விரல் நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தடவ வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தரவு சுருள் வட்டமாகப் பதிந்திருக்கிறது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் போகும், அதைப் பிழைதிருத்தம் சரிக்கட்டிவிடும். வட்டத்தோடு வட்டமாகக் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக ஒரு நீளத் துண்டே போய்விடும். அப்புறம் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, பழைய காட்டன் பனியன் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைக்கலாம். வெயிலில் வேண்டாம். மேல்பக்க வார்னிஷ் ஏற்கெனவே உரிந்திருக்கும் விசிடிகளை மட்டும் ஊறவிடவே கூடாது, பூச்சு தண்ணீரோடு வந்துவிடும். அவற்றின் கீழ்ப் பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்தேன்.

டிரைவுக்குள் இருக்கும் லென்ஸிலும் இதே உப்பு மூட்டம் உண்டு. மச்சான் டிவி ரிப்பேர் செய்பவர். அவர்தான் பழைய லேப்டாப் டிரைவின் தட்டை வெளியே இழுத்துக் காட்டினார். தட்டோடு லென்ஸும் வெளியே வரும், பயறு அளவுக்கு இருக்கும், லேசாக நீலம் ஓடும். அன்று அது பால் படிந்ததுபோல் இருந்தது. காட்டன் பட்ஸில் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்டு ஒரு ஒற்று, காய்ந்ததும் ஆல்கஹால் தொட்டு ஒரு ஒற்று. அழுத்தக் கூடாது, லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அதற்கு முன் "டிஸ்க் இல்லை" என்று சொன்ன டிரைவ் அதே டிஸ்க்கைப் படித்தது.

விசிடி எடுப்பது

விசிடியை லினக்ஸில் போட்டால் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற போல்டருக்குள் .DAT என்று முடியும் கோப்பு தெரியும். அதை அப்படியே நகலெடுக்கப் போனால் நல்ல டிஸ்க்கிலும் பிழைச் செய்தி வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்கில் தரவு செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பதிந்திருக்கும். சாதாரணத் தரவு சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட் தரவு, மீதி இடம் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. விசிடியில் அந்தக் கூடுதல் காவலை எடுத்துவிட்டு 2324 பைட் வரை படத்தையே நிரப்பிவிடுவார்கள். 70 நிமிடத்துக்கு மேல் படத்தை ஒரு சிடிக்குள் அடைக்க வேண்டியிருந்ததால் செய்த ஏற்பாடு. சாதாரண நகலெடுப்பு இந்த வகை செக்டாரைப் புரிந்துகொள்வதில்லை. விசிடிஇமேஜர் தொகுப்பில் வரும் கருவி இதற்கென்றே உள்ளது. அது எம்பெக் கோப்பாக எடுத்துத் தரும். விண்டோஸில் ஐசோபஸ்டர் இதே வேலையைச் செய்யும், கெட்ட செக்டாரைத் தாண்டிப் போகவும் தெரியும்.

கூடுதல் காவல் இல்லாததால்தான் கொஞ்சம் கீறினாலும் விசிடி கட்டம் கட்டமாக உடைகிறது. டிரைவின் வேகத்தைக் குறைத்து வைத்துப் படித்தால் பல இடங்கள் சரியாக வரும். அப்படியும் வராததை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். நடுவில் இரண்டு நொடி கட்டம் கட்டமாக ஓடினாலும் படம் படம்தான்.

இவற்றை நான் எந்த வடிவத்துக்கும் மாற்றவில்லை. விசிடி எம்பெக்-1 வகை, நொடிக்கு 1150 கிலோபிட், படத்தின் அளவு 352க்கு 288 அல்லது 352க்கு 240. இவ்வளவு குறைவாக இருப்பதை மறுபடி சுருக்கினால் இருப்பதும் போய்விடும். ஒரு டிஸ்க் 800 எம்பிக்குள் அடங்கிவிடும், இதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்த படங்களை ஒட்டவும் தேவையில்லை. கோப்புப் பெயரின் கடைசியில் ஆங்கிலத்தில் சிடி1, சிடி2 என்று போட்டுவிட்டால் டிவியில் படங்களைப் பட்டியலிட்டு ஓட்டும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருளே ஒரே படமாகச் சேர்த்து ஓட்டும். இடைவேளையில் யாரும் எழுந்து டிஸ்க் மாற்ற வேண்டாம்.

டிவிடி எடுப்பது

நல்ல டிவிடி என்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் போதும். உள்ளே விஓபி என்று 1 ஜிபி 1 ஜிபியாக வெட்டி வைத்திருப்பதையெல்லாம் ஒரே எம்கேவி கோப்பாக்கிவிடும். படத்தையோ ஒலியையோ தொடாது, அவற்றை அடைத்துவைத்திருக்கும் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றும். முதல் பத்து நிமிட விளம்பரங்கள் போய்விடும். அத்தியாயக் குறிகள் அப்படியே இருக்கும். தமிழ்ப் பட டிவிடிகளில் பாட்டு தொடங்கும் இடங்களில் அந்தக் குறி இருப்பது வழக்கம். ரிமோட்டில் 'அடுத்து' அழுத்தினால் நேராகப் பாட்டுக்குப் போகலாம். உம்மாவுக்கு இது ஒன்றே போதும்.

துபாய், மலேசியா டிஸ்க்குகளில் ஒரு விஷயம். டிவிடிக்கு உலகத்தை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமீரகம் 2, மலேசியா 3, இந்தியா 5. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் மண்டலப் பூட்டு இருப்பதில்லை. ஆங்கிலப் படங்களில் இருக்கும். கணினி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்ததில் நின்றுவிடும். எனவே டிஸ்க்குக்கு டிஸ்க் மாற்றாமல், ஒரே மண்டலத்து டிஸ்க்குகளைச் சேர்த்துவைத்து எடுத்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இந்த நகல்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும். பென்டிரைவில் போட்டுச் சுற்றுக்கு விடுவது வேறு விஷயம், அதை நான் செய்வதில்லை.

கீறல் விழுந்த டிவிடிக்கும் கல்யாண டிஸ்க்குகளுக்கும் டிடிரெஸ்க்யூ. இந்தக் கருவியை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் டிரைவ் சூடாகும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் வாரிக்கொண்டு கெட்ட இடங்களைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். அடுத்த சுற்றில் குறித்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும். அந்தக் குறிப்பு தனிக் கோப்பாக இருப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைவிட முக்கியம், அதே கோப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்கை இன்னொரு டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவுக்குப் படிக்க வராத செக்டார் இன்னொன்றுக்கு வரும். என் யூஎஸ்பி டிரைவ் விட்ட ஓட்டைகளை மச்சானின் பழைய மேசைக் கணினி டிரைவ் நிரப்பியது. அந்தப் பழைய தடித்த டிரைவ்கள் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

டிவிடியில் பிழைதிருத்தம் 16 செக்டார் கொண்ட கட்டுகளாக, அதாவது 32 கிலோபைட்டாக நடக்கிறது. ஒரு கட்டு போனால் போவது நொடியில் ஒரு துளிதான். ஆனால் அடுத்த முழுப் படச்சட்டம் வரும்வரை படம் கலங்கியிருக்கும், அது அரை நொடி வாக்கில். லாத்தாவின் (அக்காவின்) நிக்காஹ் டிஸ்க்கில் கடைசியில் மிஞ்சியவை இப்படி இரண்டு மூன்று கலங்கல்கள் மட்டும். பெரியவர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடம் முழுசாக வந்துவிட்டது. அவர்களில் பலர் இப்போது இல்லை. கடைப் படம் போனால் வேறு எங்காவது கிடைக்கும், இது கிடைக்காது. உங்கள் வீட்டில் ஒரு டிஸ்க்கைத்தான் எடுக்க நேரமிருக்கிறது என்றால் கல்யாண டிஸ்க்கை எடுங்கள்.

சுருக்குவதா வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. இருநூறு டிஸ்க்கும் நிரம்பியிருந்தாலும் 2 டிபிக்குள் முடிந்துவிடும். இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது பெரிய அளவே இல்லை. போனில் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரு சிறிய நகல் எடுத்துக்கொள்ளலாம். தர அளவை 18க்கும் 22க்கும் இடையே வைத்தால் டிவிடிக்குப் போதும். மூலத்தை மட்டும் தொடாமல் வையுங்கள்.

கணினி

டிஸ்க்கிலுள்ள எம்பெக்-2 படத்தை எந்தக் கணினியும் ஓட்டும். ஆனால் வீட்டில் போனில் எடுத்த வீடியோக்களையும் இதில்தான் பார்ப்பார்கள், அவை பெரும்பாலும் எச்இவிசி என்ற புதிய சுருக்க வகை. அதற்கு வன்பொருளிலேயே வசதி இருப்பது நல்லது. சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து கழித்த சின்னக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன, தரமும் நன்றாகவே இருக்கும். இன்டெல் 4ஆம் தலைமுறை என்றால் எச்இவிசி வன்பொருளில் கிடையாது, 7ஆம் தலைமுறை முதல் 10 பிட் வரை உண்டு. மதுரையிலோ திருச்சியிலோ வீடு இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன்.

இங்கே வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் மின்விசிறி. விசிறி உள்ள பெட்டி நாள் முழுக்கக் கடல் காற்றை இழுத்து மதர்போர்டின் மேல் ஊதிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் கெட்டுப்போன கணினியைத் திறந்தால் ஹீட்சிங்கில் பிசுபிசுப்பான அழுக்கு அப்பியிருக்கும், அது தூசியும் உப்பும் ஈரமும் கலந்தது. எனவே விசிறியே இல்லாத, அலுமினியக் கூட்டையே சூடு தணிக்கப் பயன்படுத்தும் என்100 பெட்டியை வாங்கினேன். இன்டெல் 2023இல் கொண்டுவந்த சில்லு. 6 வாட் வகை. எச்இவிசி 10 பிட்டும் ஏவி1ம் ஓடும். உள்ளே எஸ்எஸ்டி, சுழலும் பாகம் ஒன்றும் இல்லை.

இதை இரவும் பகலும் அணைப்பதில்லை. அணைத்து வைத்த பெட்டி குளிர்ந்துபோய் ஈரத்தைப் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால் உள்ளே ஈரப்பதம் அந்த 75ஐத் தொடாமல் நிற்கும். 10 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்ததும் குளிர்ந்த உலோகத்தில் வியர்க்கும்.

கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லினக்ஸ் வகை லிப்ரெஇலெக். அதை நிறுவுவதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து தொடங்கி, கேட்பதற்கெல்லாம் சரி சொன்னால் நேராகக் கோடி திரை வந்து நிற்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகு' என்பதை மட்டும் மறக்காமல் வையுங்கள். படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை இஎக்ஸ்டி4 முறையில் பார்மேட் செய்தேன், திடீரென்று கரண்ட் போனாலும் அது தாங்கும். கூடவே ஒரு சின்ன யூபிஎஸ்.

எச்டிஎம்ஐ கேபிளை ஒரு முறை செருகினால் எடுக்கவே எடுக்காதீர்கள். டிவியில் வெறுமனே திறந்திருந்த எச்டிஎம்ஐ துளைகளின் உள்முனைகளில் பச்சை பூத்திருந்தது, எப்போதும் கேபிள் செருகியிருந்த துளை மட்டும் சுத்தமாக இருந்தது. காலியாக இருப்பவற்றுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, போட்டுவிட்டேன்.

படமும் சத்தமும்

பழைய தமிழ் டிவிடிகளை இன்றைய அகலமான டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்னதாகப் படம். சினிமாஸ்கோப் படத்தைப் பழைய சதுர டிவிக்காக மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிந்திருப்பதால் வருவது இது. 480 வரி டிவிடியில் படத்துக்கு மிஞ்சுவது 272 வரிகள்தான், 240 வரி விசிடியில் 136. கோடியில் காட்சி முறையை 'ஜூம்' என்று வைத்தால் படம் திரையின் அகலத்துக்கு விரியும். தெளிவு கூடாது, ஆனால் பார்க்க நிறைவாக இருக்கும். மலேசிய விசிடிகளில் மலாய் எழுத்து கீழ்ப் பட்டையில் இருப்பதால் அது வெட்டுப்பட்டுப் போகும். எங்கள் வீட்டில் அதை யாரும் தேடவில்லை.

கறுப்பு வெளுத்துச் சாம்பலாகத் தெரிந்தால் டிவியைக் குறை சொல்லாதீர்கள். கணினி 0 முதல் 255 வரை நிறம் அனுப்பும், டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்க்கும், அல்லது இதற்குத் தலைகீழாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக வையுங்கள், சரியாகிவிடும். திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதியையும் போடுங்கள். நொடிக்கு 25 சட்டம் ஓடும் கல்யாண வீடியோ 50 ஹெர்ட்ஸில் வழுக்கிக்கொண்டு போகும், 60இல் திக்கும். கல்யாண வீடியோக்களில் ஆள் நகரும்போது ஓரம் சீப்புப் பல்லாகப் பிரியும், அதைச் சரிசெய்ய டீஇன்டர்லேஸ் என்ற வசதி தேவை. விசிடிக்கு அது தேவையே இல்லை.

சத்தம்தான் வாப்பாவின் குறை. பாட்டு வந்தால் வீடு அதிர்கிறது, பேச்சு கேட்கவில்லை. டிவிடியில் ஆறு சேனல் ஒலி, பேச்சு அத்தனையும் நடுச் சேனலில். அதை டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அமுக்கும்போது பேச்சு அடங்கிப்போகிறது. ஒலியமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, ஒலியை அப்படியே வெளியே அனுப்பும் பாஸ்த்ரூவை அணைத்து, படம் ஓடும்போது ஒலிப் பெருக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி அதையே எல்லாப் படத்துக்கும் சேமித்தேன். இப்போது வசனமும் பாட்டும் ஒரு மட்டத்தில் கேட்கின்றன. அதிர்ச்சியான சண்டைக் காட்சிச் சத்தம் குறைந்துவிடும்தான், எங்களுக்கு அது பரவாயில்லை.

ரிமோட்

"எனக்கு மூணு பட்டன் போதும் வாப்பா. மேல, கீழ, ஓகே. அதுக்கு மேல ஒன்னையும் காட்டாத" என்று என்னிடம் சொன்னார் உம்மா. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கோடியின் முகப்பில் வானிலை, ரேடியோ, இசை, ஆட்-ஆன் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். திறந்ததும் நேராகப் படங்களின் பட்டியலுக்கே போகச் செய்யலாம். அமைப்புகள் பக்கத்துக்குப் பூட்டு போட்டாயிற்று.

ரிமோட் யூஎஸ்பி டாங்கிளோடு வரும் மலிவு ரகம். முதலில் விட்டு விட்டு வேலை செய்தது. யூஎஸ்பி 3 துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், பக்கத்தில் ஹார்டு டிஸ்க் வேறு ஓடுகிறது. ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்ததும் சரியானது. பேட்டரி மாற்றும்போது ரிமோட்டின் ஸ்பிரிங் முனைகளையும் துடைத்துவிடுங்கள், அதுவும் துருப்பிடிக்கும்.

படங்களின் போஸ்டரும் விவரமும் இணையத்திலிருந்து தானாக வரும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி எழுதுவதால் பல படங்கள் சிக்காது, சிக்கினாலும் அதே பெயரில் பின்னாளில் வந்த வேறு படம் வந்து உட்காரும். கோப்புப் பெயரில் வெளியான ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் பெரும்பாலும் தீரும். அப்படியும் தீராததற்கு, டிஎம்டிபி (TMDB) என்ற படத் தகவல் தளத்தில் அந்தப் படத்தின் பக்க முகவரியை ஒரு வரியாக .nfo என்று முடியும் கோப்பில் எழுதிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். கல்யாண வீடியோக்களைத் தனிப் போல்டரில் வைத்து இந்தத் தேடலிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் லாத்தா கல்யாணத்துக்கு யாரோ நடித்த படத்தின் போஸ்டர் வரும்.

டிஸ்க்குகளைத் தூக்கிப் போடவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையோடு, தரையில் இல்லாமல் அலமாரியில் இருக்கின்றன. ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

ஹார்டு டிஸ்க்குக்கும் மூச்சுத் துளை உண்டு, மூடாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். உள்ளே வடிகட்டி இருந்தாலும், உப்புக் காற்றில் இருக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பி எல்லாவற்றையும் வைக்க முடியாது. இரண்டாவது நகல் மதுரையில் லாத்தா வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ256 கணக்கு (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து ஒரு பட்டியலாக இரண்டு டிஸ்க்கிலும் வைத்திருக்கிறேன். பெருநாளைக்கு லாத்தா வரும்போது அந்த டிஸ்க்கையும் எடுத்து வருவார். பட்டியலோடு ஒப்பிட்டு, இடையில் சேர்ந்த படங்களையும் ஏற்றி, திரும்பக் கொடுத்துவிட வேண்டியதுதான்.